ஐந்து முறை விட்ட மான்

எங்கள் சாலையில் பார் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில், ஆண்கள் கழிப்பறைக்கும் பெண்கள் கழிப்பறைக்கும் நடுவில், என் பெயர் பதினோரு வருஷமாகத் தொங்குகிறது. பெயருக்கு மேலே ஒரு ஜோடிக் கொம்பு. அதைக் கொம்பு என்று சொன்னால் கொம்புக்கே கோபம் வரும். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதை அங்கே ஆணியடித்தவர் ஆர்லின் ஹாக்ஸ்டாட். அவர் கதையைத்தான் சொல்ல வந்தேன். நடுநடுவே என் கோபம் தலை காட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் பதினோரு வயது ஆகிறது.

ஆர்லினுக்கு எழுபத்தொன்று. என் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நிலம். விஸ்கான்சினில் இந்தப் பக்கம் எல்லாரும் மாடு வைத்திருந்தவர்கள்தான், ஆனால் அவர் வைத்திருந்ததுபோல் யாரும் வைத்திருக்கவில்லை. நாற்பத்தாறு மாடு. ஐம்பத்திரண்டு வருஷம், விடியலுக்கு முன்னால் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. கல்யாணத்தன்றும் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டுத்தான் விருந்துக்கு வந்தார், கோட்டில் சாண வாசனை அடித்தது என்று அவர் மனைவி ஆர்டிஸ் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். எதிலும் ஒழுங்கு. தீவனப் புல்லை அடுக்கினால் சுவர் வைத்ததுபோல் நிற்கும். தன்னைப்போல் அடுத்தவர்களும் இருக்க வேண்டும் என்பதுதான் அவரோடு உள்ள சிக்கல். நான் அவருக்கு வைத்த பெயர் நாட்டாமை. முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

அந்தச் சட்டமும் நாட்டாமை போட்டதுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சாலையில் உள்ள ஐந்து குடும்பங்களையும் பாரில் உட்கார வைத்து, எட்டுக் கிளைக்குக் குறைந்த கொம்புள்ள ஆண்மானை இனி யாரும் சுடக்கூடாது என்றார். சின்னதை விட்டால்தான் பெரிசாகும், பெரிசானால்தான் பார்க்கவும் அழகு, சுடவும் பெருமை. இறைச்சி வேண்டுமென்றால் பெட்டையைச் சுட்டுக்கொள்ளுங்கள். மீறினால் அந்தச் சின்னக் கொம்பு பார் சுவரில் ஏறும், கீழே ஒரு பலகையில் சுட்டவர் பெயர். எல்லாரும் கையைத் தூக்கினோம். நானும் தூக்கினேன்.

நாலு வருஷம் சுவர் காலியாகத்தான் கிடந்தது. அப்புறம் எனக்கு அந்த வருஷம் வந்தது. காகித ஆலையில் ஆட்குறைப்பு, என் சீட்டும் கிழிந்தது. புருஷன் அதற்கு முந்தின கோடையிலேயே வேறொருத்தியோடு போய்விட்டான். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வருஷம் பார்த்து எங்கள் வட்டாரத்தில் பெட்டைமானைச் சுட அரசாங்கம் அனுமதிச் சீட்டே கொடுக்கவில்லை. ஒன்பது நாள் வேட்டைக் காலத்தில் எட்டாம் நாள் ஒரு குட்டி ஆண்மான் வந்து, மரத்தில் கட்டிய என் பரணுக்குக் கீழே நின்றது. சுட்டேன். அன்றைக்கு வீட்டில் ஃப்ரீசரைத் திறந்தால் ஐஸ்தான் இருந்தது.

சுட்டதை நான் மறைக்கவில்லை. மறுநாளே ஆர்லின் வந்தார், கொம்பைக் கேட்டார், கொடுத்தேன். அவரே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பலகையில் எழுத்தைச் சுட்டு, அவரே ஆணியடித்தார். ஒரு வார்த்தை, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று ஒரு வார்த்தை, கேட்கவில்லை. ஆர்டிஸ்தான் மூன்றாம் நாள் என் வாசற்படியில் மாட்டிறைச்சிப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் வேட்டைக்கு முந்தின நாள் ஆர்லின் பாரில் பிராந்தி கிளாஸைத் தூக்கி, சுவரில் என் குட்டிக் கொம்பைப் பார்த்து, "டோரீனோட ராட்சசனுக்கு!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். திரும்பி வரும்போது காரில் தனியாக, என்றைக்காவது அவருக்குச் சொல்ல வேண்டிய வாழ்த்தை நானும் ஒத்திகை பார்ப்பேன்.

போன ஏப்ரலில் ஆர்லின் மாடுகளை விற்றார். பால் விலை ஒரு பக்கம், இடுப்பு மூட்டுத் தேய்ந்தது இன்னொரு பக்கம். இரண்டு லாரி வந்தன. ஐம்பத்திரண்டு வருஷம் ஒரு மணி நேரத்தில் ஏறிப் போய்விட்டது. நான் வேலியோரம் நின்று பார்த்தேன். அவர் லாரிக்காரனுக்குக் கை கொடுத்தார், கொட்டகைக் கதவைச் சாத்தினார், வீட்டுக்குள் போனார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் காலை நாலரைக்கு முழிப்பு வருவதை யாராலும் விற்க முடியாதே. எழுந்து கொட்டகைக்குப் போவாராம். சுத்தமாக இருக்கும் தரையையே திரும்பக் கூட்டுவாராம். மாடுகளுக்கென்று வைத்த ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாராம். "காலி கொட்டாய்க்குப் பாட்டு ஓடுது டோரீன். நான் போயி அணைச்சா மறுநாளும் போடறாரு," என்று ஆர்டிஸ் கோடையில் என்னிடம் சொன்னாள். தூக்கம் கிடையாது. கண்ணுக்குக் கீழே பை கட்டிவிட்டது. நடக்கும்போது வாசற்படி, வேலிக்கம்பம், டிராக்டர் சக்கரம் என்று கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இந்த வருஷம், மான் நடமாட்டம் பார்க்க மரத்தில் கட்டி வைக்கும் கேமராவில், எல்லார் வீட்டுப் பக்கமும் ஒரு இளமான் வந்துபோனது. ஒன்றரை வயது இருக்கும். கொம்பு பக்கத்துக்கு இரண்டு கிளை, மொத்தம் நாலு. இடது காது நடுவில் கிழிந்திருந்தது, முள்கம்பி கிழித்திருக்கும். கிழிஞ்ச காது என்றே பெயராகிவிட்டது. வேட்டை தொடங்கின சனிக்கிழமை காலை எட்டரைக்கு அது என் பரணுக்குக் கீழே வந்தது. நான் ஏற்கெனவே ஏழு மணிக்கே ஒரு பெட்டையைச் சுட்டிருந்தேன். ஆண்மானுக்கும் என்னிடம் சீட்டு இருந்தது. துப்பாக்கியை மடியைவிட்டு எடுக்கவில்லை. புதன்கிழமை மறுபடி வந்தது, விட்டேன். கடைசி ஞாயிறு காலையில் இருபது தப்படியில் நின்று ஓக் கொட்டையை நறநறவென்று மென்றது, அப்போதும் விட்டேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு ஜோடிக் கொம்பு என் பெயரில் அந்தச் சுவரில் ஏறினால் நான் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் பரணில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். கடைசி நாளின் கடைசி வெளிச்சம், பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு மறுநாள் போக வேண்டும், கால் விறைத்துவிட்டது. நாலே கால் மணிக்கு ஆர்லின் பக்கம் ஒரே ஒரு வெடி. அப்பாடா, நாட்டாமைக்கு எட்டுக் கிளை கிடைத்துவிட்டது, இனி இந்த வருஷமெல்லாம் இதே பேச்சுதான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். பத்து நிமிஷத்தில் போன் அடித்தது, ஆர்லின்தான்.

"டோரீன், வேலிகிட்ட இருக்கியா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. இடுப்பு மடங்க மாட்டேங்குது. குனிய முடியல. வா."

முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. சுட்ட மானைப் பனியில் இழுக்கும் சறுக்குத் தட்டை இழுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடைப் பக்கம் போனேன். பனி கணுக்காலுக்கு மேல் இருந்தது.

விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார். துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது. அவர் காலடியில் மான் கிடந்தது. நான் கொம்பைப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பார்த்துவிட்டேன்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"சொல்லு," என்றார் ஆர்லின். "சொல்ல வேண்டியத எல்லாம் சொல்லிரு. அப்புறம் வேலையப் பாப்போம்."

"எத்தன கிளைங்க நாட்டாமை?"

நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்தே இருக்கிறது போல. "நாலு."

"எட்டுல பாதி."

"கணக்கு எனக்கும் தெரியும்மா."

அவர் எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, மான் சூடு ஆறுவதற்குள் வயிற்றைக் கீற வேண்டும். நான் மண்டியிட்டுக் கத்தியை எடுத்தேன். அவர் மரத்தில் உட்கார்ந்தபடியே குனியாமல் ஒரு பின்னங்காலைப் பிடித்துக்கொண்டார். அந்த வேலை நடக்கும்போதுதான் சொன்னார். முகம் பார்க்காமல் பேச முடிந்ததால் சொன்னார் என்று நினைக்கிறேன்.

முதல் சனிக்கிழமை அது அவர் முன்னாலும் வந்திருக்கிறது. விட்டிருக்கிறார். நன்றி சொல்லும் பண்டிகை நாளான வியாழக்கிழமை, வீட்டில் வான்கோழி அடுப்பில் இருக்கும்போது திரும்ப வந்திருக்கிறது. அப்போதும் விட்டிருக்கிறார். பெட்டைக்கும் அவரிடம் சீட்டு இருந்தது, பெட்டைதான் ஒன்பது நாளும் எட்டிப் பார்க்கவில்லை. சுடுவதற்கு முந்தின நாள் ஆர்டிஸ் ஏதோ எடுப்பதற்காகப் பெரிய ஃப்ரீசரின் மூடியைத் திறந்திருக்கிறாள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு காளையை வெட்டிப் பொட்டலம் பொட்டலமாக நிரப்புகிற ஃப்ரீசர். மாடே இல்லாத வருஷத்தில் காளை எங்கிருந்து வரும்?

"பட்டாணி ஒரு பை, போன வருஷத்து பெர்ரி ஒரு டப்பா," என்றார். "அவ மூடிய மெதுவாத்தான் மூடினா. அம்பத்திரண்டு வருஷத்துல அந்த மூடி இப்படி டங்குனு சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. உள்ள சரக்கு இருந்தா அப்படிக் கேக்காது."

"கடையில வாங்க வேண்டியதுதானே?"

"வாங்கலாம். நேத்து கடை வரைக்கும் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுக்கி வெச்சிருந்தான். பாத்துட்டு ரொட்டி வாங்கிட்டு வந்துட்டேன்."

நான் ஈரலை எடுத்துப் பனியில் வைத்தேன்.

"இன்னிக்கு நாலு மணிக்கு வந்துச்சு," என்றார். "நாப்பது தப்படி. துப்பாக்கிக் கண்ணாடி வழியா கொம்ப எண்ணினேன். நாலு. திரும்ப எண்ணினேன். ஒரு சின்ன முளையாவது இருக்கான்னு தேடினேன், இருந்தா அஞ்சுன்னு சொல்லிக்கலாம்ல. இல்ல. துப்பாக்கிய எறக்கிட்டேன். அது என்னைப் பாத்துச்சு, பயப்படக்கூட இல்ல. அப்படியே வேலிப் பக்கம் நடந்துச்சு. உன் பக்கம்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு ரொம்ப அசதியா இருந்துச்சு டோரீன். சரியா தப்பானு யோசிக்கக்கூடத் தெம்பு இல்ல. நான் விட்டா இன்னும் பத்து நிமிஷத்துல நீ அடிச்சிருவனு தோணுச்சு. எப்படியும் சாகப் போற மானுதானேன்னு தோணுச்சு. அதான் அடிச்சேன்."

கத்தி என் கையில் நின்றுவிட்டது. பதினோரு வருஷம் காரில் தனியாகப் பேசிப் பழகிய ஒரு வார்த்தைகூட அப்போது வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது, கத்தலாக வந்தது.

"இன்னிக்குக் காலையில அது என் காலுக்குக் கீழ நின்னுச்சு! இருபது தப்படி! விட்டேன் நான்! புதன்கெழம விட்டேன், மொத சனிக்கெழம விட்டேன்! என்னைய என்னன்னு நெனச்சீங்க நீங்க?"

அவர் பிடித்திருந்த கால் நழுவியது. திரும்பப் பிடித்துக்கொண்டார்.

"மூணு தடவையா?"

"மூணு தடவ."

"சீட்டு இருந்துச்சா?"

"பையிலதான் இருக்கு. பாக்கறீங்களா?"

பார்க்க வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஓடையில் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அந்த வருஷம் உன் ஃப்ரீசர்லயும் ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"ஐஸ் இருந்துச்சு."

"யாரும் சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

சொல்லிவிட்டேன். சொன்ன உடனே எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் ஏப்ரலில் நான் வேலியோரம் நின்று அந்த லாரிகளைப் பார்த்தேன். மாடு போனால் மாட்டிறைச்சியும் போகும் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் ஃப்ரீசரில் ஒரு முழுப் பெட்டைமான் ஒன்பது நாளாகக் கிடந்தது. நானும்தான் கேட்கவில்லை.

மானைத் தட்டில் ஏற்றி இழுத்தேன். அவர் பின்னால் நின்று தள்ளுவதாக நினைத்துக்கொண்டு தட்டைப் பிடித்தபடி நடந்தார். உண்மையில் தட்டுதான் அவரை இழுத்துக்கொண்டு வந்தது. பத்துத் தப்படிக்கு ஒருமுறை நின்றோம். வீட்டு முற்றத்தில் ஆர்டிஸ் விளக்கைப் போட்டுவிட்டு நின்றாள். கொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "காப்பி இருக்கு" என்று மட்டும் சொன்னாள். கொட்டகை உத்தரத்தில் நானும் அவளும் சேர்ந்து மானைக் கட்டித் தொங்கவிட்டோம். ஆர்லின் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ ஓடவில்லை.

கிளம்பும்போது சொன்னேன். "கொம்ப அறுத்துத் தூக்கிப் போட்டுருங்க. பாத்தது நான் ஒருத்திதான், நான் வாயத் திறக்க மாட்டேன்."

"சரி," என்றார். அது எதற்குச் சொன்ன சரி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் என் பெட்டைமானில் பாதியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசற்படியில் வைத்தேன். கதவைத் தட்டினேன். ஆர்டிஸ் உள்ளே கூப்பிட்டு உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். பெரிய ஃப்ரீசரின் மூடியை என் முன்னாலேயே திறந்து அடுக்கினாள். ஆர்லின் வீட்டில் இல்லை, எங்கே என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எங்கள் பக்கம் பாரில் உட்கார இடம் கிடைக்காது. நான் ஆறு மணிக்குப் போனேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவள்தான், ஆனாலும் அவர் கிளாஸைத் தூக்கினால் நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. நேரே கழிப்பறைப் பக்கம் போனேன்.

என் சுண்டுவிரல் கொம்புக்குப் பக்கத்தில் ஒரு நாலு கிளைக் கொம்பு. கீழே புதுப் பலகை, பைன் மரம், கம்பியால் சுட்ட எழுத்து இன்னும் கருகல் வாசனை அடித்தது. ஆர்லின் ஹாக்ஸ்டாட் என்று பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே, இடம் போதாமல் நெருக்கி நெருக்கி, கடைசி எழுத்துகள் பலகையின் ஓரத்தில் ஏறி வளைந்திருந்தன: இதே மானை இந்த வருஷம் டோரீன் மூன்று முறை விட்டாள்.

பாரை நடத்துகிற லைல் பக்கத்தில் வந்து நின்றான். "திங்கக்கெழம வந்தாரு. ஏணி கேட்டாரு. நான் ஆணி அடிச்சுத் தர்றேன்னேன், விடல. மூணு படி ஏறக் கால் மணி நேரம் ஆச்சு மனுசனுக்கு. எனக்குத்தான் உயிர் போயிருச்சு."

"என்னோடதக் கழட்டலையா?"

"நானும் அதான் கேட்டேன். அவ அடிச்சது அடிச்சதுதான், நான் அடிச்சதும் அடிச்சதுதான், ரெண்டும் இருக்கட்டும்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது, கழிப்பறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அந்த மனுஷன் சாகும்வரை மாற மாட்டார். தான் இரண்டு முறை விட்டதைப் பற்றிப் பலகையில் ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு பிராந்தி வாங்கிக்கொண்டு அவர்கள் மேஜைக்குப் போனேன். ஆர்லினுடைய ராட்சசனுக்கு என்று கத்தத்தான் போனேன், பார் முழுக்கக் கேட்கும்படி. பதினோரு வருஷம் ஒத்திகை பார்த்தது. அவர் மூலையில், சுவரில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை சத்தத்தில், பக்கத்து மேஜையில் கும்பலாகச் சீட்டாடிக் கத்திக்கொண்டிருக்கும்போது. கையில் முள்கரண்டி அப்படியே இருந்தது.

"எழுப்பிராத," என்றாள் ஆர்டிஸ். "ஏப்ரலுக்கு அப்புறம் இந்த வாரந்தான் தூங்கறாரு. காலையில ஏழு மணிக்கு நான் போயி எழுப்ப வேண்டியிருக்கு."

கிளாஸை அவர் முன்னால் வைத்தேன். கையிலிருந்த முள்கரண்டியை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தேன். அவர் மீன் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த காலித் தட்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்து மூடிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.